பின்னாடி சைரன் கேட்டா: அமெரிக்கால போலீஸ் சேஸ் எப்படி நடக்குது, நடுவுல மாட்டினா நீங்க என்ன பண்ணணும்

நான் இங்க வந்த முதல் மாசம், ரூம்மேட் டிவியப் போட்டான், எந்த சேனல் மாத்தினாலும் ஒரே படம்தான் ஓடுது. ஹெலிகாப்டர்ல இருந்து எடுக்கறாங்க, ஃப்ரீவேல ஒரு வெள்ளை கார் பறக்குது, பின்னாடி போலீஸ் வண்டிங்க வரிசையா போகுது, ஆனா யாரும் கிட்டக்கூட நெருங்கல. சோறு வடிச்சு ரசம் வச்சு சாப்பிட்டு கை கழுவற வரைக்கும் அதே கதை. இத்தனை வண்டி இருக்கே, முன்னாடி போயி குறுக்க நிறுத்தினா முடிஞ்சுதேன்னு நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம், நம்ம ஊரு ஏட்டய்யா ஒருத்தர் ஒரு பேரிகார்டோட நின்னா போதும்னு கமெண்ட் வேற.

சில வருஷம் கழிச்சு எங்க ஊரு போலீஸ் டிபார்ட்மென்ட் பொதுமக்களுக்கு நடத்தற சிட்டிசன்ஸ் அகாடமில சும்மா ஒரு ஆர்வத்துல சேர்ந்தேன் (ஃப்ரீ தான், உங்க ஊர்லயும் இருக்கான்னு பாருங்க, வாரத்துல ஒரு சாயங்காலம்). அங்க ஒரு சார்ஜென்ட் ரெண்டு வகுப்பு முழுக்க இந்த சேஸ் பத்தியே பேசினாரு. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, அந்த வெள்ளை காரை அவங்க நெருங்காம விட்டது ரூல்படி பண்ணின காரியம்னு. புதுசா வந்து வண்டி ஓட்டற நம்ம ஆளுங்களுக்கு இது தெரிஞ்சிருந்தா நல்லதுன்னு எழுதறேன். நான் இருக்கிறது கலிஃபோர்னியா, அதனால சட்ட நம்பர் எல்லாம் இங்கத்தது, மத்த ஸ்டேட்ல மாறும், ஒரே ஸ்டேட்ல கூட ஊருக்கு ஊரு டிபார்ட்மென்ட் பாலிசி வேற வேற.

முதல் படி: உங்க காரே சேஸ் ஆகிடாம பாத்துக்கங்க

சிரிக்காதீங்க, நம்ம ஆளுங்க மாட்டறது இங்கதான். பின்னாடி லைட் சுத்துது, நம்மளத்தானா இல்ல பக்கத்து வண்டியான்னு தெரியல, சரி அடுத்த எக்ஸிட்ல பாத்துக்கலாம்னு அப்படியே போறோம். பின்னாடி இருக்கற ஆபீசருக்கு அது எப்படித் தெரியும்? ஓடறான்னுதான் தெரியும்.

கலிஃபோர்னியா வெஹிக்கிள் கோட் 2800.1 தான் போலீஸ்கிட்ட இருந்து தப்பிச்சு ஓடற குத்தம். அது கோர்ட்ல நிக்கணும்னா சில விஷயம் இருக்கணும்: போலீஸ் வண்டில முன்பக்கம் தெரியற மாதிரி சிவப்பு விளக்கு ஒண்ணாவது எரியணும், நீங்க அதைப் பாத்திருக்கணும் இல்ல பாத்திருக்க வேண்டிய நிலைமைல இருக்கணும், தேவைக்கு ஏத்த மாதிரி சைரன் அடிச்சிருக்கணும், வண்டி போலீஸ் வண்டின்னு பாத்தாலே தெரியணும், உள்ள இருக்கறவர் யூனிஃபார்ம்ல இருக்கணும். இவ்வளவும் இருந்து நீங்க வேணும்னே நிறுத்தாம போனா ஒரு வருஷம் வரைக்கும் கவுண்டி ஜெயில். கண்ணுமண்ணு தெரியாம ஓட்டினா 2800.2, அது ஃபெலனி (பெரிய குத்தம்) வரைக்கும் போகும், விசால இருக்கறவங்களுக்கு அந்த வார்த்தையோட கனம் நான் சொல்லித் தெரிய வேண்டாம். ஓடும்போது யாருக்காவது பலத்த காயம்னா 2800.3, உயிர் போச்சுன்னா 4, 6 இல்ல 10 வருஷம்.

அதனால லைட்டைப் பாத்த உடனே வலது சிக்னல் போடுங்க, வேகத்தைக் குறைங்க, வலது ஓரமா நிறுத்துங்க. நிறுத்த இடமே இல்ல, இருட்டா இருக்கு, பயமா இருக்குன்னா ஹசார்டு லைட் போட்டு மெதுவா போயி வெளிச்சமான இடத்துல நிறுத்தலாம்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் சொல்றேன், ஆனா ஒரு கதையோட சொல்றேன். 2020 ஜூலைல அர்கன்சா ஸ்டேட்ல ஒரு கர்ப்பிணிப் பொண்ணு 70 மைல் லிமிட் இருக்கற ரோட்டுல 84ல போனாங்கன்னு ஸ்டேட் போலீஸ் லைட் போட்டாங்க. ரோட்டோரம் குறுகலா இருந்துச்சு, அந்தப் பொண்ணு ஹசார்டு போட்டு, வேகத்தைக் குறைச்சு, வலது லேனுக்கு வந்து, அடுத்த எக்ஸிட்டைத் தேடிட்டுப் போனாங்க. அந்த ஸ்டேட் லைசென்ஸ் புக்ல என்ன சொல்லியிருக்கோ அதேதான். ரெண்டு மூணு நிமிஷத்துல பின்னாடி வந்தவர் காரை இடிச்சுத் திருப்பிட்டாரு, எஸ்யூவி தடுப்புச்சுவர்ல மோதி தலைகீழா கவுந்துச்சு. அவங்க பிழைச்சாங்க, கேஸ் போட்டாங்க, 2021ல சமரசம் ஆச்சு, அந்த ஸ்டேட் போலீஸ் இடிக்கிற ரூலையும் திருத்தினாங்க. இதுல நான் கத்துக்கிட்டது என்னன்னா, ஹசார்டு போட்டுட்டு மைல் கணக்கா போகாதீங்க, கையை வெளிய நீட்டி காட்டுங்க, நல்லா மெதுவாக்குங்க, புளூடூத் இருந்தா 911க்கு போட்டு இன்ன ரோடு, இன்ன கலர் வண்டி, நிறுத்த இடம் தேடறேன்னு சொல்லுங்க, அவங்க ரேடியோல அந்த ஆபீசருக்கே சொல்லிடுவாங்க. அடையாளம் இல்லாத வண்டி உங்களை நிறுத்தச் சொன்னாலும் இதே 911 வழிதான், நிஜ போலீஸான்னு அப்பவே கேட்டுடலாம்.

நின்னதுக்கப்புறம் கீழ இறங்காதீங்க. ஊர்ல வண்டிய ஓரங்கட்டிட்டு ஆர்சி புக்கை எடுத்துக்கிட்டு இன்ஸ்பெக்டர் ஜீப் பக்கம் நம்மதான் நடந்து போவோம், அது மரியாதை. இங்க அதையே பண்ணினா அவங்க கை துப்பாக்கிப் பக்கம் போகும். ஸ்டியரிங் மேல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருங்க.

ரெண்டாவது: துரத்தறதா வேண்டாமான்னு அவங்க எப்படி முடிவு பண்றாங்க

வகுப்புல ஒரு வீடியோ சிமுலேட்டர் வச்சிருந்தாங்க. என்னை உக்கார வச்சாங்க, முன்னாடி ஒரு கார், நான் லைட் போட்டேன், அவன் பிச்சுக்கிட்டு ஓடறான். நானும் விடல, சிக்னலைத் தாண்டினேன், ஒரு ஸ்கூல் வாசல் வருது, கிராசிங் கார்டு கையில பலகையோட நிக்கறாங்க, அதையும் தாண்டப் போறேன், சார்ஜென்ட் படத்தை நிறுத்திட்டாரு. "அவன் என்ன தப்பு பண்ணினான்?"னு கேட்டாரு. எனக்குச் சத்தியமா ஞாபகமே வரல. இண்டிகேட்டர் போடாம லேன் மாறினான், அவ்வளவுதான். அந்தப் பலகை அப்படியே ஸ்க்ரீன்ல உறைஞ்சு நிக்குது, பின்னாடி உக்காந்திருந்தவங்க யாரும் பேசல.

இதுக்கு அவங்க சொல்ற பேரு பேலன்சிங், நம்ம பாஷைல தராசு. ஒரு தட்டுல அவன் பண்ணின குத்தம், அவனை இப்பவே பிடிக்காட்டி யாருக்கு என்ன ஆகும்ங்கறது. இன்னொரு தட்டுல வேகம், ட்ராஃபிக், மழை, மணி என்ன, ஸ்கூல் ஏரியாவா, அவன் வண்டில குழந்தை இருக்கா, ஆள் யாருன்னு ஏற்கனவே தெரியுமா. இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம்னு எனக்குப் படுது. நம்பர் பிளேட்டும் முகமும் தெரிஞ்சுடுச்சுன்னா நாளைக்கு வாரண்ட் வாங்கி வீட்டுக்குப் போயி பிடிக்கலாம், இப்ப எதுக்கு 100 மைல்ல ஓடணும்? தராசை ஒரு தடவை பாத்துட்டு விடக்கூடாது, ஓடற ஒவ்வொரு தெருவுக்கும் திரும்பப் பாக்கணும், தட்டு சாஞ்சுதுன்னா அந்த நிமிஷமே நிறுத்தணும்.

எந்தக் குத்தத்துக்குத் துரத்தலாம்ங்கறதுல நாடு முழுக்க சண்டைதான். பெர்ஃப்னு போலீஸ் தலைமைகளோட ஆராய்ச்சி அமைப்பு ஒண்ணு, 2023ல ஒரு வழிகாட்டி போட்டாங்க: வன்முறைக் குத்தம் நடந்திருக்கணும், அந்த ஆளு உடனே இன்னொண்ணு பண்ணிடுவான்ங்கற ஆபத்தும் இருக்கணும், ரெண்டும் இருந்தாத்தான் துரத்துங்கன்னு. வாஷிங்டன் ஸ்டேட்ல 2021ல சட்டமே போட்டு இறுக்கிட்டாங்க, போலீஸ் தரப்புல ஒரே புகைச்சல், லைட் போட்டா நிக்காம டாட்டா காட்டிட்டுப் போறாங்கன்னு, 2023ல கொஞ்சம் தளர்த்தினாங்க, 2024ல மக்கள் கையெழுத்து போட்டுக் கொண்டு வந்த மனுவ சட்டசபையே ஏத்துக்கிட்டு இன்னும் தளர்த்திடுச்சு. மூணு வருஷத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஊஞ்சல். எனக்கு பெர்ஃப் சொல்றதுதான் சரின்னு தோணுது, ஆனா கார் திருட்டு போன எங்க பக்கத்து வீட்டு அக்காகிட்ட இதைச் சொன்னா அடிக்க வருவாங்க.

மூணாவது: சேஸ் ஆரம்பிச்சதும் உள்ள நடக்கறது

டிவில பாக்கும்போது பத்து வண்டி தெரியும், ஆனா பெரும்பாலான பாலிசில ரெண்டு மூணு வண்டிக்குத்தான் அனுமதி. முதல் வண்டி ஓட்டறதைப் பாத்துக்கும், ரெண்டாவது வண்டி ரேடியோவை எடுத்துக்கும், ஏன்னா ஒரே ஆளு 90 மைல்ல ஸ்டியரிங்கையும் பிடிச்சு மைக்லயும் பேசினா ரெண்டுல ஒண்ணு கெட்டுப்போகும். எதுக்காகத் துரத்தறோம், எந்தத் தெரு, எந்தத் திசை, என்ன வேகம், ட்ராஃபிக் எப்படி, உள்ள எத்தனை பேரு, இதைச் சொல்லிக்கிட்டே வரணும். ஸ்டேஷன்ல இல்ல ரோட்டுல எங்கயோ இருக்கற சூப்பர்வைசர் அதைக் கேட்டுக்கிட்டே இருப்பாரு, நிறுத்துன்னு சொன்னா நிறுத்தியே ஆகணும், விவாதம் கிடையாது. சேஸ் பண்றவன் ரத்தம் சூடா இருக்கும், அதனாலதான் சூடு இல்லாத ஆளு கையில கயிறைக் கொடுத்திருக்காங்கன்னு சார்ஜென்ட் சொன்னாரு. ஒருத்தரை ஒருத்தர் ஓவர்டேக் பண்ணக்கூடாது, கூப்பிடாத வண்டி சேந்துக்கக்கூடாது.

சைரன் போட்டா எப்படி வேணா ஓட்டலாம்னு நினைப்போம், அதுவும் கிடையாது. சிக்னல் தாண்டலாம், வேகம் போகலாம், சரி, ஆனா மத்தவங்க பாதுகாப்பைப் பாத்து ஓட்டற கடமை போகாதுன்னு அதே வெஹிக்கிள் கோட் 21056லயே இருக்கு.

நாலாவது: நிறுத்தற வித்தைங்க

இதைத்தான் நான் வாயப் பொளந்து பாத்தேன். பார்க்கிங் லாட்ல ஸ்டாப் ஸ்டிக்னு ஒண்ணை எங்க கையில கொடுத்தாங்க, மூணு அடி நீளம், முக்கோணமா இருக்கற ஒரு குழல், நான் நினைச்சதைவிட லேசு. உள்ள ஆணி இருக்கும்னு பாத்தா, ஆணியே இல்ல, பால்பாயிண்ட் பேனா ரீஃபிலை வெட்டின மாதிரி உள்ள ஓட்டையா இருக்கற ஊசிங்க. டயர் ஏறினா அந்த ஊசி டயர்லயே தங்கிடும், அந்த ஓட்டை வழியா காத்து கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், அரை நிமிஷம் போல ஆகும். டமால்னு வெடிச்சா கார் தறிகெட்டுப் போயி யாரையாவது கொன்னுடும், அதனால இப்படி ஒரு ஏற்பாடு. ஒரு நீளக் கயிறு கட்டி ரோட்டுக்கு குறுக்க வீசி, அவன் ஏறினதும் பின்னாடி வர்ற போலீஸ் வண்டிக்கு முன்னாடி சட்டுனு இழுத்துடணும். இழுக்க லேட் ஆனா சொந்த டயரே காலி. இன்னும் மோசம், வீசற ஆபீசர் மேலயே அவன் காரை விட்டு ஆபீசருங்க செத்தும் போயிருக்காங்க, அதனால தூணோ சுவரோ மறைவு இல்லாம வீசக்கூடாதுன்னு ரூல். பைக்கு வந்தா வீசவே மாட்டாங்க, பைக்காரன் டயர் காத்து போச்சுன்னா உயிர்தான் போகும்.

அடுத்தது பிட் (PIT)னு இடிச்சுத் திருப்பற வித்தை, அர்கன்சால நடந்தது இதுதான். போலீஸ் கார் தன் முன்பக்க மூலையை ஓடற காரோட பின்சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கற பகுதில மெதுவா ஒட்டி, ஸ்டியரிங்கை அவன் பக்கம் திருப்பும், அந்தக் கார் பம்பரம் மாதிரி அரை சுத்து சுத்தி நின்னுடும். பயிற்சி மைதானத்துல பாத்தா அழகாத்தான் இருக்கு. ஆனா வேகம் ரெண்டு மடங்கு ஆனா இடியோட சக்தி நாலு மடங்கு, அதனால பல டிபார்ட்மென்ட்ல 35 மைலுக்கு மேல இதைத் தொடக்கூடாது. ஜார்ஜியா, அர்கன்சா மாதிரி ஸ்டேட் போலீஸ் அதைவிட ரொம்ப அதிக வேகத்துலயும் பண்ணியிருக்காங்க, உயரமான எஸ்யூவி கவுந்து ஆளுங்க செத்த கேஸ் எல்லாம் அங்க இருந்துதான் வருது.

புதுசா வந்ததுல கிராப்லர்னு ஒண்ணு, போலீஸ் வண்டி முன்னாடி இருந்து ஒரு வலை இறங்கி ஓடற வண்டியோட பின்சக்கரத்தைச் சுத்திக்கும், அப்புறம் மாட்டைக் கயித்துல பிடிச்ச மாதிரி இழுத்து நிறுத்தறது. ஸ்டார்சேஸ்னு இன்னொண்ணு, முன்னாடி கிரில்ல இருந்து பசையோட ஜிபிஎஸ் துண்டைச் சுட்டு அந்தக் கார் மேல ஒட்ட வச்சுட்டு, போலீஸ் ஒதுங்கிடுவாங்க. துரத்தற ஆளு இல்லன்னு தெரிஞ்சதும் அவனும் வேகத்தைக் குறைச்சு எங்கயாவது போயி நிப்பான், அங்க போயி பிடிக்கலாம்.

டயரைச் சுட்டு நிறுத்தறது, படத்துல வர்றது, நிஜத்துல பெரும்பாலான டிபார்ட்மென்ட் தடை பண்ணியிருக்காங்க. நியூயார்க் போலீஸ் 1972லயே ஓடற வண்டிய சுடக்கூடாதுன்னு ரூல் போட்டுட்டாங்க. டிரைவர் மேல பட்டா ரெண்டு டன் இரும்பு ஆளில்லாம ஓடும்ல.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டா, ஸ்காட் எதிர் ஹாரிஸ்னு 2007 சுப்ரீம் கோர்ட் கேஸ். 2001ல ஜார்ஜியால 55 மைல் ரோட்டுல 73ல போன ஒரு 19 வயசுப் பையன் நிறுத்தாம ஓடினான், சுமார் ஆறு நிமிஷம், பத்து மைல் கிட்ட, கடைசில போலீஸ் பின்னாடி இடிச்சு கார் பள்ளத்துல விழுந்து, அவனுக்குக் கழுத்துக்குக் கீழ கை கால் விளங்காம போச்சு. வேகமா போனதுக்கு இதான்னு நமக்குப் பதறுது, ஆனா கோர்ட் 8க்கு 1ன்னு போலீஸ் பக்கம் தீர்ப்பு சொன்னாங்க, பொதுமக்களுக்கு ஆபத்து பண்ணினது அவன்தான்னு. போலீஸ் கார் கேமரா வீடியோவைக் கோர்ட் வெப்சைட்லயே போட்டாங்க, நீங்களே பாத்துக்கங்கன்னு. அதனால சட்டம் போலீஸுக்கு நிறைய இடம் கொடுக்குது, டிபார்ட்மென்ட் பாலிசிதான் அதைவிட இறுக்கமா கையைக் கட்டுது.

அஞ்சாவது: விட்டுடறது

இதுவும் ஒரு படிதான், கணக்குல சேத்துக்கங்க. நிறுத்துன்னு உத்தரவு வந்தா லைட், சைரன் ரெண்டையும் அணைச்சு, ரேடியோல இடத்தைச் சொல்லி, ஓரமா நிக்கணும் இல்ல வேற பக்கம் திரும்பிடணும். லைட்டை அணைச்சுட்டு நைசா பின்னாடியே போற வேலை கூடாது, கண்ணாடில பாத்தா அவன் இன்னும் ஓடுவான். லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஹெலிகாப்டர் வந்ததும் கீழ இருக்கற வண்டிங்க பின்வாங்கி மேல இருந்து மட்டும் பாத்துக்கிட்டு வர்றது வழக்கம், அன்னைக்கு எங்க டிவில நெருங்காம போனதும் அந்த மாதிரிதான்.

ஆறாவது: நீங்க ரோட்டுல இருக்கீங்க, சேஸ் உங்க பக்கம் வருது

வலது ஓரம், நில்லு. 21806 அதைத்தான் சொல்லுது. நடு இன்டர்செக்ஷன்ல பிரேக் போட்டு நிக்காதீங்க, தாண்டிட்டு ஓரங்கட்டுங்க. பச்சை விழுந்தாலும் சைரன் கேட்டா உடனே எடுக்காதீங்க, ஓடறவனுக்கு சிவப்பு எல்லாம் கிடையாது. ஒரு போலீஸ் வண்டி போனதும் நகராதீங்க, ரெண்டாவது மூணாவது வரும், நிறைய பேரு அங்கதான் அடி வாங்கறாங்க. ஹீரோ ஆகி உங்க காரைக் குறுக்க விடாதீங்க. வீடியோ எடுக்கப் பின்னாடியே போகாதீங்க, கலிஃபோர்னியால சைரன் போட்ட வண்டிக்கு 300 அடிக்குள்ள தொடர்ந்து போறதே குத்தம். நடந்து போறவங்கன்னா ரோட்டோர கர்ப்ல நின்னு வேடிக்கை பாக்காம, கம்பம், கட்டடம் ஏதாவதுக்குப் பின்னாடி போங்க.

ஏழாவது: துப்பாக்கியோட உங்களை நிறுத்திட்டாங்கன்னா

நடக்காதுன்னு நினைக்காதீங்க. வாடகைக் கார் கம்பெனி கணக்குக் குளறுபடில உங்க கையில இருக்கற காரையே திருட்டு வண்டின்னு ரிப்போர்ட் பண்ணியிருக்கலாம். 2020 ஆகஸ்ட்ல கொலராடோவுல அரோரா ஊர்ல, வேற ஸ்டேட்ல திருட்டுப்போன ஒரு பைக்கோட நம்பர் ஒத்துப்போச்சுன்னு ஒரு குடும்பத்தை, சின்னப் புள்ளைங்க உள்பட, பார்க்கிங் லாட் தரையில குப்புறப் படுக்க வச்சாங்க.

ஹை ரிஸ்க் ஸ்டாப்னு பேரு. ஆபீசர் கிட்ட வரமாட்டாரு, தன் வண்டிக் கதவுக்குப் பின்னாடி இருந்துக்கிட்டு ஸ்பீக்கர்ல பேசுவாரு. இன்ஜினை அணை, சாவியை வெளிய போடு, வெளிப்பக்கம் கைய விட்டு கதவைத் திற, கைய மேல தூக்கி முதுகைக் காட்டிப் பின்னாடியே நடந்து வான்னு ஒண்ணொண்ணா சொல்லுவாரு. சொன்னதை மட்டும், சொன்ன வேகத்துல. புரியலன்னா அசையாம நின்னு புரியலன்னு கத்துங்க. ஃபோனை எடுக்கக் குனியாதீங்க, அதுதான் ரொம்ப ஆபத்து. பக்கத்து சீட்ல அம்மா அப்பா இருந்தா, இங்கிலீஷ் வராதுன்னு நீங்க முதல்லயே சத்தமா சொல்லிடுங்க. நியாயம் கேக்கறது எல்லாம் அப்புறம், பேப்பர்ல.

கடைசி: உங்க கார் அடி வாங்கிடுச்சுன்னா

ஓடினவன்கிட்ட இன்சூரன்ஸ் இருக்கும்னு கனவு காணாதீங்க. உங்க பாலிசில கொலிஷனும் (மோதல்ல உங்க கார் சேதத்துக்குக் கிடைக்கறது), இன்சூரன்ஸ் இல்லாதவன் இடிச்சா கிடைக்கற கவரேஜும் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. சிட்டிகிட்ட நஷ்டஈடு கேக்கணும்னா, இடிச்சது யாருன்னு முதல்ல பாக்கணும். போலீஸ் வண்டியே இடிச்சிருந்தா ஒரு கணக்கு, ஓடினவன் வண்டி இடிச்சிருந்தா 17004.7 குறுக்க வரும்: எழுத்துல சேஸ் பாலிசி வச்சு, ஆபீசருங்களுக்கு ஒழுங்கா பயிற்சி கொடுத்திருந்தா அந்த டிபார்ட்மென்ட் மேல பொறுப்பு வராது. எதுவா இருந்தாலும் காயத்துக்கும் கார் சேதத்துக்கும் சிட்டி ஆபீஸ்ல எழுத்துமூலமா க்ளெய்ம் கொடுக்க ஆறே மாசம்தான் டைம், நேரா கோர்ட்டுக்குப் போக முடியாது. போலீஸ் ரிப்போர்ட் நம்பரை அன்னைக்கே ஸ்பாட்ல வாங்கி ஃபோன்ல எழுதி வச்சுக்கங்க, ரெண்டு நாள் கழிச்சு கேட்டா எந்த வண்டி, எந்த ஊரு போலீஸ்னு கண்டுபிடிக்கறதுக்கே ஒரு மாசம் ஓடிடும், ஏன்னா ஒரே சேஸ்ல மூணு ஊரு போலீஸ் மாறியிருப்பாங்க.